பாலம் தாண்டாம நரம்பு டாக்டரைப் பார்க்கிறது: வீடியோ கால்ல எது முடியும், எது முடியாது

அப்பாவுக்கு ஆஸ்பத்திரி அப்பாயின்மென்ட்னா எங்க வீட்டுல முதல் நாள் ராத்திரியே வேலை தொடங்கிடும். நாங்க இருக்கிறது நிபோங் திபால் பக்கம், நரம்பு டாக்டர் இருக்கிறது பினாங்கு தீவுல. காலையில 5 மணிக்கு எழுப்பி, குளிக்க வச்சு, சட்டை பட்டன் போட்டு (அதுக்கே கால் மணி நேரம்), காடியில ஏத்தி, பாலத்துல ஜாம் ஆகுறதுக்குள்ள தாண்டிடணும்னு அடிச்சுப் பிடிச்சு ஓடி, பார்க்கிங் கிடைக்காம ரெண்டு ரவுண்டு சுத்தி, நம்பர் எடுத்து உட்கார்ந்தா மிஸ்ஸி பேரைக் கூப்பிடுறப்ப மணி 11. உள்ள போனா ஏழெட்டு நிமிஷம். அந்த ஏழெட்டு நிமிஷத்துலதான் எங்கப்பா அதிசயம் பண்ணுவாரு பாருங்க, நாற்காலியைப் பிடிக்காம எழுந்திரிச்சு, ஜம்முனு நடந்து, திரும்பி வந்து டாக்டருக்கு வணக்கம் வேற சொல்லுவாரு. டாக்டர் 'நல்லா இருக்காரே'ன்னு எழுதிட்டு அதே மாத்திரையைத் தொடரச் சொல்லிடுவாங்க. வீட்டுக்கு வந்து இறங்கி பாத்ரூம் வாசலுக்குப் போனா காலு ரெண்டும் தரையில ஒட்டிக்கிச்சு, நகராது, நான் பின்னாடி நின்னுக்கிட்டு "தூக்குங்கப்பா, தூக்குங்க"ன்னு கத்திக்கிட்டு இருப்பேன்.

இது எங்கப்பாவோட சாமர்த்தியம் மட்டும் இல்ல. எங்கப்பாவுக்கு பார்க்கின்சன், அதாவது கை ஆடி, உடம்பு இறுகி, நடை மாட்டிக்கிற நரம்பு வியாதி. இது இருக்கிறவங்க பலபேரு டாக்டர் முன்னாடி கொஞ்ச நேரத்துக்கு நல்லா நடந்து காட்டிடுவாங்க, பதட்டமும் கவனமும் சேர்ந்து உடம்பை அந்த நேரத்துக்கு இழுத்துப் பிடிச்சிடும். அது போக மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆச்சுங்கிறதைப் பொறுத்து ஒரே ஆளு காலையில ஒரு மாதிரி, மத்தியானம் வேற மாதிரி இருப்பாரு. ஆறு மாசத்துக்கு ஒருக்க ஏழு நிமிஷம் பார்க்கிற டாக்டருக்குத் தெரியிறது நாள் பூரா ஓடுற படத்துல ஒரே ஒரு சீன், அதுவும் ஹீரோ நல்லா நடிச்ச சீன்.

டெலிமெடிசின்னு சொன்னாலே எல்லாரும் 'அலைச்சல் மிச்சம்'னு மட்டும்தான் பேசுறாங்க. அலைச்சல் மிச்சம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா மூணு வருஷமா அப்பாவுக்குப் பாதி பார்வை நேர்ல, பாதி பார்வை வீடியோ கால்லன்னு ஓட்டிக்கிட்டு இருக்கிற எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதுல பெரிய லாபம் வேற, நோய் எந்த வீட்டுல குடியிருக்கோ அந்த வீட்டை டாக்டர் பார்க்கிறாங்க. அதே நேரம் இதுல ஒரு பெரிய வேலை சத்தமில்லாம வீட்டுக்காரங்க தலையில வந்து விழுது, அதைப் பத்தி யாரும் பேசுறதில்ல. ரெண்டையும் சேர்த்து எழுதிப் பார்க்கலாம்னுதான் இது.

மொதல்ல ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும், கையில தொட்டுப் பார்க்காம நரம்பு வியாதியை எப்படிப் பார்க்கிறதுன்னு. மத்த வியாதியை விட நரம்பு வியாதிக்குத்தான் கண்ணால பார்க்கிறது அதிகம் உதவும். நடை, முகபாவம், கண்ணு சிமிட்டுறது, பேச்சு, கை ஆட்டம், பட்டன் போடுற வேகம், எழுத்து சின்னதாகிறது, இதெல்லாம் பார்த்தும் கேட்டும் தெரிஞ்சுக்கிற விஷயம். ஜேம்ஸ் பார்க்கின்சன்னு லண்டன் டாக்டர் 1817-ல இந்த நோயைப் பத்தி எழுதினது சின்னப் புத்தகம், அதுல மொத்தமே 6 பேரோட கதைதான். அந்த 6 பேர்ல ரெண்டு பேரை அவரு ரோட்டுல போறப்ப தற்செயலா கவனிச்சிருக்காரு, இன்னொருத்தரைத் தூரத்துல இருந்து மட்டும்தான் பார்த்திருக்காரு, கிட்டப் போய்ப் பேசக்கூட இல்ல. இன்னிக்கு அவரு பேர்லயே இருக்கிற வியாதி, பாதி தூரத்துல நின்னு பார்த்துக் கண்டுபிடிச்சதுன்னு நினைக்கிறப்ப போன்ல பார்க்கிறது அவ்வளவு பெரிய பாவம் இல்லன்னு தோணுது.

நம்பிக்கை மட்டும் இல்ல, ஆராய்ச்சியும் பண்ணியிருக்காங்க. அமெரிக்காவுல 195 பார்க்கின்சன் நோயாளிங்களை ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு வழக்கமான வைத்தியம், இன்னொரு குரூப்புக்கு வழக்கமானதோட சேர்த்து வருஷத்துக்கு 4 தடவை வீட்டுக்கே வீடியோ கால்ல ஸ்பெஷலிஸ்ட்டு. 2017-ல ரிசல்ட் வெளியாச்சு. பேசி வச்ச வீடியோ கால்ல 91% நடந்து முடிஞ்சிருக்கு, ஒவ்வொரு வீடியோ காலுக்கும் ஏறக்குறைய 88 நிமிஷமும் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல பயணமும் மிச்சமாயிருக்கு. ஆனா வாழ்க்கைத் தரம்னு அளந்து பார்த்தா ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசம் இல்ல, பார்த்துக்கிறவங்களோட பாரமும் குறையல. இதை வச்சு சிலபேரு 'பாத்தியா, பிரயோஜனம் இல்ல'ன்னு சொல்லுவாங்க, விக்கிறவங்க 91%-ஐ மட்டும் போஸ்டர்ல போட்டுக்குவாங்க. நான் படிக்கிற விதம் என்னன்னா, வீடியோ கால் வியாதியைக் குணப்படுத்துற மருந்து இல்ல, டாக்டர் கிட்டப் போற இன்னொரு வழி, பாலம் மாதிரி. பாலம் கட்டினதால யாருக்கும் வியாதி குறையாது, அதுக்காக பாலம் வேணாம்னு சொல்லுவோமா?

தலைவலிக்கும் இதே மாதிரி நார்வேல ஒண்ணு பண்ணியிருக்காங்க, அதுவும் 2017-ல வந்ததுதான். வட நார்வேல 402 பேரு, அவசரமில்லாத தலைவலிக்காக ஸ்பெஷலிஸ்ட் கிட்ட அனுப்பப்பட்டவங்க, பாதிப்பேரை நேர்ல பார்த்தாங்க, பாதிப்பேரை வீடியோவுல. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு. வீடியோவுல பார்க்கிறதால ஆபத்தான தலைவலி ஒண்ணை கோட்டை விடணும்னா 20,200 பேரைப் பார்த்தாத்தான் ஒண்ணு நடக்கும்னு கணக்கு போட்டிருக்காங்க. மைக்ரேனுக்கு, அதான் ஒத்தைத் தலைவலிக்கு, முக்கால்வாசி வைத்தியம் கதை கேட்கிறதுதானே, எப்ப வருது, எந்தப் பக்கம், வெளிச்சம் கூசுதா, மாசத்துக்கு எத்தனை வலி மாத்திரை முழுங்குறீங்க (இந்தக் கடைசிக் கேள்விக்கு நம்ம ஆளுங்க உண்மை சொல்றதில்ல, அளவுக்கு மீறிப் போடுற வலி மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரும்).

இப்ப முடியாததையும் சொல்லிடணும். பார்க்கின்சன் அளவுகோல்ல டாக்டர் கையைப் பிடிச்சு மடக்கி நீட்டி இறுக்கம் பார்ப்பாங்க, பின்னாடி நின்னு தோளை வெடுக்குன்னு இழுத்து விழுறாரான்னு பார்ப்பாங்க. இந்த ரெண்டும் வீடியோவுல நடக்காது, நடக்கவும் கூடாது, நான் பின்னாடி நின்னு இழுத்து அப்பா விழுந்தா யாரு பொறுப்பு. அதனால அந்த ரெண்டையும் விட்டுட்டு மார்க் போடுற முறையை வீடியோவுக்குன்னே வச்சிருக்காங்க. முட்டியில சுத்தியல் வச்சுத் தட்டுறது, ஊசிமுனை உணர்ச்சி, கண்ணுக்கு உள்ள லைட் அடிச்சு நரம்பு வீங்கியிருக்கான்னு பார்க்கிறது, இதெல்லாம் நேர்லதான். மூளையோட மின் அலை பார்க்கிற ஈஈஜி, எம்ஆர்ஐ ஸ்கேன், ரத்த டெஸ்ட்டு சொல்லவே வேணாம். அதனால முதல் தடவை வியாதிக்குப் பேர் வைக்கிறது நேர்ல நடக்கணும், வீடியோ அதுக்கப்புறம்ங்கிறதுதான் என் கட்சி. முதல் பார்வையே வீடியோன்னு எவனாவது பேக்கேஜ் விக்க வந்தா எனக்குப் பிடிக்காது.

இன்னொண்ணு, இன்டர்நெட் லைன் பொய் சொல்லும். இதை யாரும் சொல்லித் தரல, நாங்களே மாட்டிக்கிட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். பார்க்கின்சன் கை ஆட்டம் செகண்டுக்கு 4-ல இருந்து 6 தடவை. லைன் மோசமா இருந்து வீடியோ விட்டு விட்டு ஓடுச்சுன்னா அந்த ஆட்டம் டாக்டர் ஸ்கிரீன்ல மெதுவா தெரியும், இல்ல சுத்தமா தெரியவே தெரியாது. விரலைத் தட்டச் சொல்றப்ப நடுவுல நின்னா நின்னது அப்பா விரலா வைஃபையா? அதனால முக்கியமானதை முன்னாடியே போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடுறது நல்லது. குரலும் அப்படித்தான். இந்த நோய்ல குரல் அடங்கிப் போகும், ஆனா வீடியோ கால் ஆப்பெல்லாம் சின்னக் குரலைத் தானாவே தூக்கிக் காட்டும், அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு 'நல்லாத்தானே பேசுறாரு'ன்னு இருக்கும், பக்கத்துல நிக்கிற எனக்கே கேட்காது. டாக்டர் கிட்ட அதை வாய் விட்டுச் சொல்லிடணும்.

சரி, ஒரு வீடியோ கால் எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன், அப்பத்தான் புரியும்.

காலையில 9 மணி மாத்திரை அப்பாவுக்கு. வீடியோ கால் 11:30-க்குன்னு சொல்லியிருந்தாங்க. டாக்டர் முதல்லயே சொல்லிட்டாங்க, மாத்திரை வேலை செய்ற நேரம் வேணாம், இறங்குற நேரம்தான் நான் பார்க்கணும்னு. ஆஸ்பத்திரில இப்படி நேரம் வச்சுப் பார்க்க முடியுமா சொல்லுங்க, நம்ம நம்பர் வர்றப்பதான் நம்ம நேரம். ஹால்ல இருந்து பாத்ரூம் போற நடைபாதை தெரியிற மாதிரி டீ மேசையில மைலோ டின் வச்சு அதுல போனைச் சாய்ச்சு வச்சேன். தலையில இருந்து பாதம் வரைக்கும் தெரியணும், பாதம் தெரியலன்னா நடையைக் காட்டி பிரயோஜனம் இல்ல. ஜன்னல் பின்னாடி இருந்தா ஆளு கறுப்பா நிழல் மாதிரித் தெரிவாரு, அதனால திரையை இழுத்து விட்டாச்சு. கைலியை மடிச்சுக் கட்ட மாட்டேன்னு அப்பா ஒரே சண்டை, டாக்டரம்மா முன்னாடி எப்படின்னு, கடைசியில அரைக்கால் சிலுவார் போட்டுக்கிட்டாரு.

நடந்தாரு. ஹால்ல ஓரளவுக்கு நல்லாத்தான் வந்தாரு, பாத்ரூம் வாசல் கிட்ட வந்ததும் நின்னுட்டாரு. பாதம் படபடன்னு அடிக்குது, முன்னாடி போகல, உடம்பு மட்டும் முன்னாடி சாயுது. மூணு வருஷமா நான் வாயால சொல்லிச் சொல்லி டாக்டர் தலையாட்டினது ஒருபக்கம், அந்த 20 செகண்டு ஒருபக்கம். அவங்க உடனே கேட்டாங்க, வாசல்ல என்ன படி, எவ்வளவு அகலம், கால் துடைக்கிற பாய் ஏன் அங்க கிடக்குன்னு. குறுகலான வாசல், தரை மாறுற இடம், திரும்புற இடம், இங்கல்லாம்தான் இந்த உறைஞ்சு நிக்கிறது வரும். பாயை எடுத்துட்டு தரையில குறுக்கால சிவப்பு டேப் மூணு கோடு ஒட்டச் சொன்னாங்க, கோட்டைத் தாண்டுறதா நினைச்சுக் காலைத் தூக்கணும். மூளையில தானா ஓடுற நடை வழி பழுதாகிப் போனாலும், கண்ணால பார்த்துத் தாண்டுறது, தாளத்துக்கு நடக்கிறது மாதிரி வேற வழி இன்னும் வேலை செய்யும்ங்கிறதுதான் இதோட கணக்கு. அதனாலதான் சமதரையில மாட்டிக்கிறவரு மாடிப்படியை மளமளன்னு ஏறிடுறாரு. அம்மா தாளத்துக்கு "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணுவாங்க, அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்துல வேலை செஞ்ச ஆளு, மூட்டை தூக்குறப்ப போடுற சத்தம் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுக்கிட்டு இப்ப பாத்ரூம் போறாரு.

அதோட முடியல. டாக்டர் போனை வைக்கிற நேரத்துல, "அந்த டின் எதுக்கு?"ன்னாங்க. போன் சாய்க்கன்னேன். "அங்கிள் மைலோ குடிப்பாரா, எப்ப?" மாத்திரையோடதான், வெறும் தண்ணியில கசக்குதுன்னு பால் ஊத்தி ஒரு கிளாஸ் மைலோல முழுங்குவாரு, வருஷக்கணக்கா. அங்கதான் விஷயமே இருந்திருக்கு. அப்பா போடுற பார்க்கின்சன் மாத்திரை லெவோடோபா, நம்ம ஊர்ல பெரும்பாலும் மாடோபார்ங்கிற பேர்ல கொடுக்கிறது, குடல்ல இருந்து ரத்தத்துக்கும் ரத்தத்துல இருந்து மூளைக்கும் போற வழி, புரதம் செரிச்சு வர்ற சத்து போற அதே வழி. பால், முட்டை, பருப்பு, கோழின்னு புரதம் கூட வந்துச்சுன்னா ஒரே வாசல்ல ரெண்டு பேரும் முட்டிக்குவாங்க, மாத்திரை உள்ள போறது தாமதமாகும், குறையும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி, இல்ல சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, தண்ணியோட போடணும். டப்பாவுல எழுதியிருக்கு, ஃபார்மசில சொல்லியும் இருப்பாங்க, ஆனா மைலோ எங்களுக்கு 'சாப்பாடு' கணக்குல வரவே இல்ல. ஆஸ்பத்திரி ரூம்ல உட்கார்ந்து யாரு மைலோவைப் பத்திப் பேசப் போறாங்க.

மருந்து அளவைக் கூட்டாம, அதே அளவைச் சின்னச் சின்னதா பிரிச்சு நெருக்கி நெருக்கிக் கொடுக்கச் சொன்னாங்க, ரெண்டு வாரம் எப்ப மாத்திரை, எப்ப நல்லா இருந்தாரு, எப்ப இறங்கினாருன்னு நோட்டுல எழுதச் சொன்னாங்க. அது மாதிரி எழுதுறது எல்லாரும் செய்யலாம், காலண்டர் பின்பக்கத்துல கட்டம் போட்டாலே போதும். நின்னா தலை சுத்துதுன்னாரு, அதுக்கும் வழி வீட்டுலயே இருந்துச்சு, பிரஷர் மெஷின் இல்லாத தமிழ் வீடு இப்ப ஏது. அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு ஒரு தடவை, எழுப்பி நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல ஒரு தடவை, மூணு நிமிஷத்துல ஒரு தடவை. மேல் நம்பர் 20-ஓ அதுக்கு மேலயோ இறங்கினா அதைச் சொல்லணும்.

பார்வைக்கும் பார்வைக்கும் நடுவுல நடக்கிறதுக்கும் இது உதவுது. ஒரு தடவை வாந்தின்னு பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினப்ப மெட்டோகுளோபிரமைட் எழுதிக் கொடுத்துட்டாங்க, அது பார்க்கின்சன் ஆளுங்களுக்கு ஆகாத மருந்து, டோபமினை, அதான் இந்த நோய்ல குறைஞ்சு போற மூளை ரசாயனத்தை, மூளையிலயே தடுக்கும், ஆட்டமும் இறுக்கமும் கூடும். போட்டோ எடுத்து மெசேஜ் அனுப்பிக் கேட்டதால தப்பிச்சோம், வேற மாத்திரை மாத்திக் கொடுத்தாங்க. அந்த கிளினிக்கைக் குறை சொல்லி என்ன, எல்லா டாக்டருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்குமா. பை நிறைய பழைய மாத்திரை அட்டையோட ஆளு ஆளா சுத்துற வியாதிக்கு யாராவது ஒருத்தர் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும், அவ்வளவுதான்.

வலிப்புக்கு வந்தா இன்னும் சுவாரசியம். உலகத்துல ஏறக்குறைய 5 கோடி பேருக்கு வலிப்பு நோய் இருக்குன்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது. இந்த வியாதில டாக்டர் பார்க்க வேண்டியது எதுவோ அது டாக்டர் முன்னாடி நடக்கவே நடக்காது. முன்னல்லாம் பார்த்தவங்க சொல்ற கதைதான் ஆதாரம், பயத்துல பார்த்தவங்க என்னத்தை ஒழுங்காச் சொல்லுவாங்க, "ரெண்டு மணி நேரம் இழுத்துச்சு டாக்டர்"ன்னா அது ரெண்டு நிமிஷமா இருக்கும். இப்ப எல்லார் கையிலயும் கேமரா. போன் வீடியோவைப் பார்த்து ஸ்பெஷலிஸ்ட் சரியா வகை பிரிக்க முடியுதான்னு 2020-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நல்லாவே முடியுதுன்னு. சொந்தத்துல ஒரு பொண்ணு, பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை, நைட் ஷிப்ட் மாறுற வாரமெல்லாம் வலிப்பு வரும். தூக்கம் கெட்டா வலிப்பு வர்றது தெரிஞ்ச விஷயம்தான், ஆனா ஷிப்ட் அட்டவணையையும் வலிப்பு வந்த தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வீடியோ கால்ல டாக்டர் பார்த்தப்பதான் அது எல்லாருக்கும் உறைச்சுச்சு. அதை எழுதிக் கொடுத்த லெட்டரை வச்சு அவளுக்குப் பகல் ஷிப்ட் கிடைச்சுச்சு.

படம் எடுக்கிறவங்களுக்கு: மொதல்ல ஆளை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, பக்கத்துல இருக்கிற சாமானை நகர்த்துங்க, அப்புறம் இன்னொருத்தர் எடுக்கட்டும். முகம் தெரியணும், கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கான்னு தெரியணும், ரெண்டு கையும் தெரியணும், பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க, முடிஞ்சதும் நிறுத்தாம ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க, தெளிஞ்சு வர்ற விதமும் டாக்டருக்கு முக்கியம். நிஜ வலிப்புல பெரும்பாலும் கண்ணு திறந்தே இருக்கும். கண்ணை இறுக்க மூடிக்கிட்டு வர்ற வகை வேற, அதுக்கு வலிப்பு மாத்திரை கேட்காது, அதுக்காக அது நடிப்பும் இல்ல, அதுவும் வைத்தியம் வேணுங்கிற வியாதிதான், நம்ம சொந்தக்காரங்க 'வேஷம்'னு சொல்றதைக் கேட்டா எனக்குக் கோவம் வரும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்கலன்னா கேமராவைக் கீழ வச்சுட்டு 999-க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. வாயில ஸ்பூன், கையில சாவி, இதெல்லாம் வேணவே வேணாம். கல்யாண வயசுப் பொண்ணுங்க வால்ப்ரோயேட்ங்கிற வலிப்பு மாத்திரை சாப்பிடுறாங்கன்னா, எபிலிம்னு வரும், அது வயித்துல வளர்ற பிள்ளையைப் பாதிக்கும், தானா நிறுத்தினாலும் ஆபத்து. அந்தப் பேச்சை வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு வீடியோவுல டாக்டர் கிட்ட நிதானமாப் பேசலாம், ஆஸ்பத்திரி ரூம்ல பின்னாடி மூணு பேரு நிக்கிறப்ப அந்தப் பொண்ணு வாயே திறக்காது.

மறதி நோய்ல இதுவே தலைகீழ். அங்க பார்த்துக்கிற மருமகளோ மகளோதான் தனியாப் பேசணும், அத்தை கொழம்புல ரெண்டு தடவை உப்பு போட்டது, பணத்தைத் திருடிட்டேன்னு வேலைக்காரி மேல பழி போட்டது, ராத்திரி கேட்டைத் திறந்துக்கிட்டு சடக்குல நடந்தது, இதெல்லாம் அவங்களையே பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? ஆஸ்பத்திரில மிஸ்ஸி ஒருத்தங்க அவங்களை வெளிய கூட்டிக்கிட்டுப் போவாங்க, வீட்டுல யாரு? அதனால கால்லுக்கு முன்னாடியே எழுதி அனுப்பிடணும், இல்ல பார்த்துக்கிறவங்களுக்குன்னு தனியா பத்து நிமிஷம் கேட்டு வாங்கணும், வெட்கப்படாம. ஞாபகசக்தி டெஸ்ட்டு போன்லயும் பண்ணலாம், மோக்கான்னு ஒண்ணு, 30 மார்க்குக்கு, படம் வரையிறது எல்லாம் இருக்கும். படம் பார்க்கிற பகுதியெல்லாம் எடுத்துட்டுப் போன்ல கேட்கிற மாதிரி 22 மார்க்குக்கு ஒண்ணு வச்சிருக்காங்க. தமிழ்லயும் மோக்கா இருக்கு. ஆனா பக்கத்துல நிக்கிற பேரன் 'வியாழக்கிழமை பாட்டி'ன்னு எடுத்துக் கொடுத்துட்டா மார்க்கு மார்க்கா இருக்காது.

மொழி சமாச்சாரம் நம்மளுக்குத் தனியா ஒரு தலைவலி. தோட்டத்துல பொறந்து வளர்ந்த பெரியவங்களுக்கு மலாய் பேச வரும், ஆனா உடம்புக்குள்ள நடக்கிறதை மலாய்ல சொல்ல வராது. 'மரத்துப் போகுது', 'கெரக்கமா இருக்கு', 'விறுவிறுங்குது', 'இழுத்துப் பிடிக்குது', இது ஒவ்வொண்ணும் நரம்பு டாக்டருக்கு வேற வேற அர்த்தம், நாம மொழிபெயர்க்கிறப்ப எல்லாத்தையும் 'கெபாஸ்'னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறோம். வீடியோவுல ஒரு வசதி, கோலாலம்பூர்ல இருக்கிற மகளும் அதே கால்ல சேர்ந்துக்கிட்டு விளக்கலாம், தமிழ் தெரிஞ்ச ஸ்பீச் தெரபிஸ்ட் வேற ஊர்ல இருந்தாலும் பிடிக்கலாம். பார்க்கின்சனுக்குக் குரலைத் தூக்கிப் பேசப் பழக்குற பயிற்சி ஒண்ணு இருக்கு, வாரத்துக்கு 4 நாள், 4 வாரம், மொத்தம் 16 தடவை. நோயாளியைக் காடியில 16 தடவை இழுத்துக்கிட்டுப் போறது யாருக்கு முடியும்? ஆஸ்திரேலியாவுல 34 பேரை வச்சு 2011-ல ஆராய்ச்சி பண்ணினப்ப ஆன்லைன்ல சொல்லிக் கொடுத்ததும் நேர்ல சொல்லிக் கொடுத்ததும் ஒண்ணுக்கொண்ணு குறைச்சல் இல்லன்னு வந்துச்சு. எனக்குக் கேட்டா நரம்பு வியாதிக்கு டெலிமெடிசின்ல மாத்திரை எழுதுறதை விட இந்தப் பயிற்சிங்கதான் நிறைய பேருக்குப் போய்ச் சேரணும்.

மலேசியா இதுல பின்தங்கின ஊருன்னு நினைக்காதீங்க, நாம ரொம்ப முன்னாடியே கனவு கண்ட ஆளுங்க. 1996-ல மல்டிமீடியா சூப்பர் காரிடார்னு அரசாங்கத்தோட தொழில்நுட்பத் திட்டம் வந்தப்ப டெலிஹெல்த் அதுல ஒரு பெரிய திட்டம், 1997-லயே டெலிமெடிசின் சட்டம் போட்டாச்சு, நோயாளி எழுத்துல சம்மதம் கொடுக்கணும், உரிமை இல்லாம செஞ்சா 500,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில்னு எல்லாம் எழுதி வச்சாங்க, ஆனா 20 வருஷத்துக்கு மேல அதை அமலுக்கே கொண்டு வரல. 1999-ல திறந்த செலாயாங் ஆஸ்பத்திரி காகிதமில்லா ஆஸ்பத்திரின்னு பேர் வாங்குச்சு. இவ்வளவும் இருந்து, சாதாரண ஜனங்க வீடியோவுல டாக்டரைப் பார்க்கத் தொடங்கினது 2020 மார்ச் 18-ம் தேதி கொரோனாவுக்காக எம்சிஓன்னு நடமாட்டக் கட்டுப்பாடு போட்டுக் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம்தான். அப்ப மருத்துவ கவுன்சிலும் ஒரு வழிகாட்டி விட்டுச்சு, ஏற்கெனவே நேர்ல பார்த்த நோயாளியைத் தொடர்ந்து பார்க்கிறதுக்குத்தான் இது பொருத்தம்ங்கிற மாதிரி. மைசெஜாதெராங்கிற அரசாங்க ஆப்புல அரசாங்கக் கிளினிக் அப்பாயின்மென்ட் போடலாம், மாத்திரையை ஃபார்மசில சொல்லி வச்சா போஸ்ட்ல வீட்டுக்கே வரும், இதை 'உபாட் மெலாலுய் போஸ்'னு கேளுங்க, காடியை விட்டு இறங்காம வாங்கிக்கிற கவுண்டரும் சில இடத்துல இருக்கு. அரசாங்க ஸ்பெஷலிஸ்ட்டுக்கு நாம கட்டுறது 5 வெள்ளி, அதனால தனியார்ல வீடியோவுக்குக் காசு கேட்டா வயிறு எரியத்தான் செய்யும். காசைக் கணக்குப் போடுறப்ப பெட்ரோல், டோல், பார்க்கிங், நான் போடுற லீவு, எல்லாத்தையும் சேர்த்துப் போடணும்.

லீவுன்னதும் ஞாபகம் வருது, முன்னாடி சொன்ன அந்தச் சத்தமில்லாத வேலை. வீடியோ கால்ல டாக்டருக்குக் கை கிடையாது, அந்தக் கை நாமதான். பிரஷர் பார்க்கிறது, நடக்க வைக்கிறது, விழாம பிடிச்சுக்கிறது, கேமராவைத் திருப்புறது, மொழிபெயர்க்கிறது, நோட்டு எழுதுறது, லைன் போச்சுன்னா திரும்ப அடிக்கிறது. ஒரு தடவை 10 மணி கால்னு சொன்ன இடத்துல 11:40 வரைக்கும் 'டாக்டர் விரைவில் இணைவார்'னு ஸ்கிரீன்லயே இருந்துச்சு, மாத்திரை நேரம் தாண்டி அப்பா நாற்காலியிலயே இறுகிப் போயிட்டாரு, நான் ஆபீஸ்ல அரை நாள் லீவு, கேட்டா 'வீட்டுலதானே இருக்கீங்க'ன்னு பதில். வீட்டுல இருந்தா நேரம் சும்மா வருதா? இந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்க தலையிலதான் விழுது, அமெரிக்க ஆராய்ச்சியில பார்த்துக்கிறவங்க பாரம் குறையலன்னு வந்தது எனக்கு ஆச்சரியமே இல்ல. தனியா இருக்கிற பெரியவங்க, பட்டன் போன் வச்சிருக்கிறவங்க, தோட்டத்துக்கு உள்ள லைன் ஒரு கோடு மட்டும் காட்டுற இடத்துல இருக்கிறவங்க, இவங்களுக்கு இந்த வண்டியே வரல. பக்கத்து அரசாங்கக் கிளினிக்ல ஒரு ரூம், ஒரு நல்ல ஸ்கிரீன், கூட நிக்க ஒரு மிஸ்ஸி, அந்தப் பக்கம் பெரியாஸ்பத்திரி டாக்டர், இப்படிச் செஞ்சா பாதிப் பிரச்சினை தீரும். நார்வேக்காரங்களும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு வரவச்சு வேற ரூம்ல ஸ்கிரீன் முன்னாடி உட்கார வச்சுத்தான் பார்த்தாங்க, வீட்டுல விட்டுடல.

ஒண்ணை மட்டும் கலந்துடாதீங்க. திடீர்னு வாய் கோணுது, ஒரு கை தூக்க வரல, பேச்சு குழறுது, இதுக்கு வீடியோ கால் இல்ல, வாட்ஸாப்பும் இல்ல, 999 மட்டும்தான். கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கணக்கு, அதுவும் சீக்கிரம் போகப் போகத்தான் பலன். ஸ்ட்ரோக்குக்கும் டெலிமெடிசின் இருக்கு, ஆனா அது ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல டாக்டருங்க பேசிக்கிறது, நம்ம போன்ல இல்ல. ஸ்ட்ரோக் வந்து தேறினதுக்கு அப்புறம் வர்ற பயிற்சி, பேச்சு, மனசோர்வு, அங்க வேணும்னா நம்ம போன் உதவும். நாசாம்னு ஸ்ட்ரோக் சங்கம் 1996-ல இருந்து இருக்கு, ஸ்ட்ரோக் வந்து மீண்ட ஜேனட் இயோங்கிற அம்மாதான் ஆரம்பிச்சாங்க, பினாங்குலயும் மையம் உண்டு, பார்க்கின்சனுக்கும் கோலாலம்பூர்ல சங்கம் இருக்கு, பயிற்சிக்கு அங்க விசாரிங்க.

எங்க கணக்கு இப்ப மூணு வீடியோ, ஒரு நேர்ப் பார்வை. அடுத்த மாசம் நேர்ல. டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்க்கணும், பின்னாடி நின்னு இழுத்துப் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க. அப்பா காடி வேணாம், பாலம் வேணாம், பட்டர்வொர்த்ல இருந்து ஃபெரில போகலாம்ங்கிறாரு. காடி ஏத்துற பழைய ஃபெரி போயிடுச்சு, 2023-ல இருந்து ஓடுறது புதுசு, ஆளுங்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும்தான். ஏறுற இடத்துல தரை மாறுமேன்னு எனக்கு இப்பவே கவலை. சிவப்பு டேப்பு ஒரு ரோல் பையில எடுத்து வச்சிருக்கேன், ஒட்ட விடுவாங்களான்னு தெரியல.